சும்மா நடக்க விடாத ஊர்

டாக்டர் "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி நல்ல பேர் வாங்கிய பிறகு, "எழுந்து நடங்க" என்று சொல்லி ஏச்சு வாங்குவதற்காகவே உண்டான தொழில் பிசியோதெரபி. பதினாலு வருஷமாக இதில் இருக்கிறேன். முதல் நாலு வருஷம் மூணாறு மலையில், மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரி. கல்யாணமாகி மலையிறங்கிய பிறகு, பொள்ளாச்சி–பாலக்காடு ரோட்டில் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன கிளினிக். மேலேயும் சரி, கீழேயும் சரி, நான் எழுதித் தருவது ஒரே மருந்துதான்: தினமும் நடக்கணும். மாத்திரை என்றால் மூன்று வேளையும் மறக்காமல் போடுகிறவர்கள், இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதே இல்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லியும், மாமனாரைப் புகையிலையை விடச் சொல்லியும் தோற்றுப்போன எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

முப்பத்தாறு வருஷம்

பாக்கியம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். எங்கள் குடும்பமும் அப்படியே என்பதால் என்னை உரிமையோடு திட்டுவார். ரெண்டு முட்டியும் தேய்ந்திருந்தன, சர்க்கரையும் ஏறியிருந்தது. சமதளத்தில் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னேன். "சமதளமா? மூணாறுல அது எங்கிட்டு இருக்கு, எனக்கும் கொஞ்சம் காட்டு" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே, எதிர் மலையில், ஏழெட்டு டூரிஸ்டுகள் கையில் கோலோடு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்து இறங்கின அதே பாதை. இப்போது மருமகள் காபியைக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறாளாம். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சுகத்தைக் கண்டதில்லையாம். அந்தச் சுகத்தைத்தான் நான் பிடுங்கப் பார்க்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் கடமை விடவில்லை. சீட்டில் 'நடை, முப்பது நிமிடம்' என்று எழுதி நீட்டினேன். அவர் அதை வாங்கி நாலாக மடித்துவிட்டுக் கேட்டார்: "முப்பத்தாறு வருஷம் சாக்கோட ஏறி எறங்கிருக்கேன் தாயி. அதுல கொஞ்சத்த இதுல கழிச்சுக்கிடக் கூடாதா?"

ஐந்தாவது வண்டி

மலையில் நடக்கச் சமதளம் இல்லை. இங்கே கிழக்குப் பாலக்காட்டில் கண்ணுக்கெட்டிய வரை சமதளம்தான். ஆனால் பைக் வைத்திருக்கிற ஓர் ஆண்பிள்ளை ரோட்டில் நடந்து போனால், ஒன்று வண்டி ரிப்பேர், இல்லையென்றால் ஆளுக்கு ரிப்பேர் என்று அர்த்தம். வேலுச்சாமி பெரிய தோப்புக்காரர். எடையைக் குறைக்கத் தினமும் நடக்கச் சொன்னேன். "அதுக்கென்னங்க, நாளைக்கே ஆரம்பிச்சர்றேன்" என்று சொல்லிப் போனவர், ரெண்டு வாரம் கழித்து ஒன்றரைக் கிலோ கூடி வந்தார்.

நடந்ததென்னவோ உண்மைதானாம். முதல் நாள் வீட்டிலிருந்து இருநூறு அடி போவதற்குள் ஒரு வண்டி நின்று, "பஞ்சருங்களா?" என்றது. அடுத்தது, "பெட்ரோல் தீந்துபோச்சுங்களா, ஏறுங்க" என்றது. மூன்றாவது ஆள் வண்டியை ஆஃப் செய்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று கேட்டார். நாலாவது ஆளிடம் டாக்டரம்மா நடக்கச் சொன்னதாக உண்மையைச் சொல்ல, "அட, அவிய அப்படித்தான் சொல்லுவாங்க, வாங்க" என்று கையைப் பிடித்தே இழுத்தாராம். அப்படியும் தப்பித்து நடந்தவர், அடுத்து வந்த வண்டியில் ஏறி, அன்றைய நடையை டீக்கடையில் ரெண்டு பருப்பு வடையோடு முடித்திருக்கிறார். பிறகு தினமும் அப்படியே. நான் கோபத்தைக் காட்டுவதற்குள் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை என் மேஜையில் வைத்தார். "நாலு வண்டியத் திருப்பி அனுப்பிட்டனுங்க. அஞ்சாவதா வந்தது என்ற மகளுக்குப் பாத்த மாப்பிள்ளையோட அப்பாங்க. ஏறாம நடந்திருந்தா இந்தப் பத்திரிகையே அடிச்சிருக்க முடியாதுங்க."

கையில் ஒன்றும் இல்லை

ஆண்களுக்காவது லிஃப்ட் கிடைக்கிறது. சரஸ்வதிக்கு நாற்பத்தைந்து வயது, ஓயாத இடுப்பு வலி. நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கே வாய்க்கால் கரையில் நடக்கக் கிளம்பிவிட்டார். கையில் பை இல்லை, குடம் இல்லை, பக்கத்தில் துணையும் இல்லை. ஆறரைக்கு யாரோ பொள்ளாச்சியில் இருக்கிற அவர் அண்ணனுக்குப் போன் போட்டு, "உங்க தங்கச்சி தனியா வாய்க்காப் பக்கம் போகுதுங்க, மூஞ்சியே சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் காரில் ரெண்டு பேரோடு செக்போஸ்ட் தாண்டி வந்து இறங்கினபோது, சரஸ்வதியின் கணவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்துத்தான் எழுப்பினார்கள். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாததால், பாதுகாப்புக்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். அது இன்னும் மோசமாகப் போனது. வியர்க்க விறுவிறுக்க சரஸ்வதி திரும்பி வந்து, எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் சாட்சி சொல்ல வைத்த பிறகுதான் அண்ணன் காபி குடித்தார். அத்தோடு நடை நின்றுபோயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து வலி குறைந்து, முகம் தெளிந்து வந்தார். எப்படி என்று கேட்டேன். "கையில ஒரு வெறும் தூக்குப்போசி இருந்தாப் போதுமுங்க, பாலுக்குப் போறேன்னு நெனச்சுக்குவாங்க. பழனி வரைக்கும் நடந்தாலும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

ஓப்பன் ஜிம்

நான் விடாமல் நச்சரித்ததில், வார்டு மெம்பர் ஊர்ப் பொது இடத்தில் நாலு உடற்பயிற்சி மெஷின்களை நட்டுவைத்தார். ரிப்பன் வெட்ட என்னையும் கூப்பிட்டார்கள். மூன்று மாதம் கழித்து, மக்கள் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டேன். மெம்பர் பெருமையோடு சொன்னார்: "காலைல ஆடு கட்டறாங்க, மத்தியானம் துணி காயப் போடறாங்க, சாயங்காலம் உக்காந்து செல்போன் பாக்கறாங்க. ஒரு மெசினும் சும்மா நிக்கறதில்லைங்க டாக்டர்."

எட்ட முடியாத தூரம்

ராமசாமி கடலை விவசாயி. தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து வரப்பில் சாய்ந்தவர். வலது கால் இழுத்துக்கொண்டது. முதல் சில மாதங்களில் பழக்கவில்லை என்றால் அப்படியே நின்றுவிடும். அதனால் வாரம் மூன்று நாள் வீட்டுக்கே போனேன். காலில் பலம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் மனைவி ருக்குமணி, தண்ணீர்ச் செம்பு, டிவி ரிமோட், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். ஊன்றுகோலைக்கூட அவர் எழுந்து எடுக்க வேண்டாமென்று அவர் மடியிலேயே வைத்திருப்பார். நான் பிடித்து நடக்க வைத்தால், பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆறாவது அடியில் நாற்காலி முட்டும், ராமசாமி உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் ருக்குமணியை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தினேன். வெளியே அவர் அழுகிற சத்தம் கேட்டு, உள்ளே ராமசாமி ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்றுவிட்டார். இது தேறாது என்றுதான் அன்று வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் ருக்குமணிக்குக் காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கி, படுத்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. உடுமலையில் கட்டிக்கொடுத்த மகள் சாயங்காலம்தான் வந்து சேர முடியும். நான் போனபோது சமையற்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம். எட்டிப் பார்த்தால், ராமசாமி அடுப்புமேடையில் சாய்ந்து நின்று டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார். தரையெல்லாம் சர்க்கரை. இடது கையில் டம்ளர், வலது தோளைச் சுவரோடு தேய்த்தபடி கட்டிலை நோக்கி வந்தார். ஓடிப்போய்ப் பிடிக்கத் துடித்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றேன். பதினோரு அடி. பாதி டீதான் போய்ச் சேர்ந்தது. ருக்குமணி அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரெண்டு மாதத்தில் ராமசாமி கோல் ஊன்றி ரோட்டுக் கடை வரை போய்வர ஆரம்பித்தார். கடைசி நாள் என்னை வழியனுப்ப வாசலுக்கு வந்த ருக்குமணி, கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "அவிய நடக்கறதுக்கு நான் படுக்கோணும்னு மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா, போன சித்திரையிலயே படுத்திருப்பனுங்க."

ஆக, எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது, சுற்றி இருக்கிறவர்கள்தான் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவர்கள்.