இரண்டாவது பேட்டரி

கோட்டைப்பட்டினத்தைத் தாண்டி மணமேல்குடி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் ஒரு கைலி, இரண்டு சட்டை, என் இன்வெர்ட்டர். அதன் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் பைக்கு வெளியே தொங்கி முழங்கையில் இடித்தன. பஸ்கள் கடந்து போயின. கை காட்டவில்லை. ஏறி உட்கார்ந்தால் படகு ஞாபகம் வரும் என்று நினைத்தேன். நடந்தாலும் வந்தது.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஒரு பேட்டரிக் கடையிலும் எங்கெங்கோ ஓட்டல்களிலும் வேலை பார்த்துவிட்டு, விசைப்படகில் சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். படகில் இரண்டு பேட்டரிகள். ஒன்று எஞ்சினைக் கிளப்ப. அதை யாரும் தொடக் கூடாது. இரண்டாவது விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும். அந்த இரண்டாவதில் இன்வெர்ட்டரை மாட்டி ஒரு சின்ன மிக்சியை ஓட்டினேன். நடுக்கடலில் தேங்காய்ச் சட்னி கிடைத்ததும் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

அதைப் பார்த்துத்தான் டிரைவர் அண்ணன், படகை ஓட்டுகிறவர், அடுத்த தடவை ஒரு மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“இது இங்க ஓடுமாடா?”

ஓடியது. பள்ளிக்கூடத்தில் அவர் மகளுக்குக் கொடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் முன்பே அவள் மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டாள். பாடத்தைச் சத்தமாக வாசித்து அதில் பதிந்துவைத்து, திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்வது அவள் பழக்கம். வீட்டில் அந்தக் குரலைப் போட்டால் அவர் மனைவி தாங்கமாட்டார். அதனால் கடலுக்குக் கொண்டுவந்தார்.

வலையை ஏற்றி மீன் பிரிக்கும்போது எஞ்சினை நிறுத்துவோம். அப்போதுதான் எதுவும் காதில் விழும். தவளையின் இதயத்துக்கு மூன்று அறைகள் என்று அந்தப் பெண் வாசிப்பாள். நாங்கள் இறாலையும் நண்டையும் தனித்தனியே எறிந்தபடி கேட்போம். நடுவே ஆட்கள் கேலி பேசிக்கொள்வார்கள்.

“பரிச்ச வச்சா அஞ்சு பேரும் பாஸுடா.”

“ஒனக்குக் கையெழுத்தே போடத் தெரியாது, நீ எங்கிட்டு பரிச்ச எழுதுவ?”

“நான் சொல்றேன், நீ எழுது.”

டிரைவர் அண்ணனும் சிரிப்பார்.

மடிக்கணினியின் சொந்த பேட்டரி செத்துவிட்டிருந்தது. கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது படகின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. அந்த நேரத்தில் மிக்சியையும் போட்டால் இன்வெர்ட்டர் கீயென்று கத்திவிட்டு நின்றுவிடும்.

“பிள்ள படிச்சு முடிக்கட்டும்டா, பெறகு அரைச்சுக்க” என்பார் டிரைவர் அண்ணன்.

இரண்டு மூன்று முறை அவசரத்தில் அரைத்திருக்கிறேன். அணைந்தது. மறுபடி போட்டால் வந்தது. அதனால் பயம் விட்டுப்போயிற்று. பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துத் தருகிறேன் என்றும் அவரிடம் சொல்லியிருந்தேன். கரையில் இருந்த நாட்களில் தூங்கினேன்.

அன்று வலை இரண்டு முறை கிழிந்து சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

“டேய், சட்னி வருமா, இல்ல நண்டப் பச்சையாத் திங்கவா?” என்று ஒருவர் கத்தினார்.

கொஞ்சம் தேங்காய்தானே என்று மிக்சியைத் திருகினேன். இன்வெர்ட்டர் கத்தியது. குரல் பாதி வார்த்தையில் நின்றது. மறுபடி போட்டபோது உள்ளே டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

அறந்தாங்கியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க் போய்விட்டது, எதையும் மீட்க முடியாது என்றார். “எங்க வச்சிருந்தீங்க இத?” என்று கேட்டார். டிரைவர் அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“படகுலங்க. உப்புக் காத்து.”

அடுத்த தடவை கடலில் வலை ஏறியது, எஞ்சின் நின்றது. மீனைப் பிரித்துக்கொண்டே டிரைவர் அண்ணன் சொன்னார்.

“டேய், ஒனக்குத்தான் படிப்பு வரும். அந்தத் தவளையச் சொல்லு.”

சொன்னேன். மூன்று அறைகள். எந்த அறையிலிருந்து எதற்கு ரத்தம் போகிறது என்பதுவரை தடங்கலில்லாமல் வந்தது. அடுத்த வரியைத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்புடி இல்லடா. அந்த எடத்துல அவங்கம்மா சாப்புடக் கூப்புடும். ‘இந்தா வாரேம்மா’ன்னு சொல்லிட்டுத்தான பிள்ள அடுத்ததப் படிக்கும்.”

எனக்கும் அது தெரியும். அந்த ‘வாரேம்மா’வை என் வாயால் சொல்ல முடியவில்லை. அவர் குனிந்து நண்டு பொறுக்க ஆரம்பித்தார்.

கரைக்கு வந்ததும் இன்வெர்ட்டரைக் கழற்றினேன்.

“அது பாட்டுக்குக் கெடக்கட்டுமேடா” என்றார். நான் அதைப் பையில் திணித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மணமேல்குடியில் கால் ஓய்ந்தது. அங்கிருந்து பஸ் மாறி மாறி கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். அங்கே கடலைப் பற்றிப் பேச்சே இல்லை. மறுநாள் காலை முந்திரி உடைக்கும் இடம் ஒன்றில் ஆள் தேவை என்றார்கள். அங்கிருந்த முதலாளி என் பையில் தொங்கிய ஒயர்களைப் பார்த்தார்.

“கரண்டு வேல தெரியுமாப்பா? மோட்டாரு ஒண்ணு சும்மா கெடக்கு.”

“தெரியாதுங்க.”

“பெறகு என்னதான் தெரியும்?”

“அடுப்பு எரிப்பேங்க.”

கொட்டை வறுக்கும் அடுப்பைக் காட்டினார். பையை வெளியே வைத்துவிட்டு விறகைத் தள்ள உட்கார்ந்தேன்.