வட்டக் கைநாட்டு

எங்கள் காலனியில் யாரும் தனியாகக் கைநாட்டு வைக்கமாட்டார்கள். மனு எழுதினால் முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்க வேண்டும். பிறகுதான் தாளில் பெருவிரல்களை வட்டமாக வைப்பார்கள். முதல் ஆள் யார், கடைசி ஆள் யார் என்று எந்த எஸ்.ஐ.யாலும் கண்டுபிடிக்க முடியாது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள்கூட இதற்கென்று விரலை மையில் அழுத்துவார்கள். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் நான் செய்த காரியத்தை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

திருப்பதியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். சாதிக் கொடுமையை எதிர்த்து நின்றவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வைப்பது எங்கள் வேலை. சித்தூர்ப் பக்கம், சந்திரகிரிப் பக்கமெல்லாம் போய்ப் பதிவு செய்து முடித்தபின் எங்கள் ஊரின் முறை வந்தது. நாகலாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம். "மீ ஊரே கதா, உங்க ஊர்தானே, நீயே பாத்துக்கோ" என்று அறக்கட்டளையை நடத்தும் மேடம் என் தலையில் கட்டிவிட்டார்.

எங்கள் ஊர்க் கதை இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ரோட்டோர டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். அது கூரை ஓலையில் செருகி இருக்கும். எடுத்துக் குடித்து, கழுவி, திரும்பவும் அங்கேயே செருக வேண்டும். ஒருநாள் பதினோரு பேர் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்து பொதுக் கிளாஸில் டீ கேட்டார்கள். அடிதடியானது. யாரோ கிளாஸால் அடித்ததில் கடைக்காரருக்கு ஒரு கண் போய்விட்டது. போலீஸ் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய் அடித்துக் கேட்டது. "எல்லாரும்தான்" என்பதைத் தவிர யார் வாயிலிருந்தும் வேறு வார்த்தை வரவில்லை. கேஸ் நிற்கவில்லை, தனிக் கிளாஸும் அதோடு ஒழிந்தது. அந்தப் பதினோரு பேரில் என் அப்பாவும், என் நைனாவும், ஒருவர். அடித்தது யார் என்று கேட்டால் "எல்லாரும்தாம்மே" என்பார். மறுபடி கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நைனாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஒரு மாங்காய் மண்டியில் ஒன்பது வருஷமாகப் பகல் வாட்ச்மேன். அந்த மண்டியின் மேஸ்திரி யார் என்றால், அதே கடைக்காரரின் மகன். இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே பிளாஸ்க்கில் டீ குடிப்பவர்கள். கடைக்காரர் செத்தபோது நைனா போய் அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார். அடித்தது யார் என்று மேஸ்திரி ஒருநாளும் கேட்டதில்லையாம். கேட்காததால்தான் அந்த டீ அத்தனை வருஷம் ஓடியிருக்கிறது.

பதினோரு பேரில் ஒரே பெண் எதிர்வீட்டுப் பெரியம்மா. அவரிடம்தான் முதலில் போனேன். நாற்பது நிமிஷம் நன்றாகப் பேசினார். நடுவில் மேடத்திடமிருந்து போன் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் டேங்குக்கு அடியில் போனால்தான் சிக்னல் கிடைக்கும். ரெக்கார்டரைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பெரியம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்க ஆரம்பித்தேன். ரெக்கார்டர் அந்தப் பத்து நிமிஷமும் ஓடியதை நான் யோசிக்கவே இல்லை.

சம்மதப் படிவத்தை நீட்டினேன். பெரியம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் மட்டும் எப்டிடி வெக்கிறது? எல்லார்க்கும் கேக்கறாப்ல போடு. அப்பறம் வெக்கிறோம்."

திங்கட்கிழமை படிவம் மேஜைக்கு வந்தாக வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டேங்குக்கு அடியில் ஸ்பீக்கரை வைத்துப் போட்டேன். பதினோரு பேரில் மிஞ்சிய ஐந்து பேரும் வந்திருந்தார்கள். நைனா தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, மாங்காய் தரம் பிரிக்க ஆள் கூப்பிட மேஸ்திரி பைக்கில் வந்தார். வண்டியை அணைத்துவிட்டு ஓரமாக நின்றார். நான் பதிவை நிறுத்தியிருக்கலாம். இவரும் கேட்கட்டுமே என்று எனக்கு ஒரு வீறாப்பு.

பெரியம்மாவின் குரல் திடீரென்று தணிந்தது.

"அந்தப் பொண்ணு அந்தாண்ட போயிட்டாளேன்னு சொல்றேன். கிளாஸால அடிச்சது அவ நைனாதான். அவளுக்கே தெரியாது."

என் கை பட்டனைத் தேடியது, கிடைக்கவில்லை. ஸ்பீக்கர் அதற்குள் ரேஷன் அரிசிப் புழுவுக்குப் போயிருந்தது.

மேஸ்திரி நைனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்து பேரு வேணும், பொத்துன்னே காலைலயே வந்துடுங்க" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"நீ எழுந்து போனா அதுவும் நின்னுடும்னு இருந்தேன்டி" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். படிவத்தில் ஒரு விரலும் படவில்லை.

நைனா வீட்டுக்குப் போய் முகம் கழுவிக் காக்கிச் சட்டையைப் போட்டார். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"இன்னிக்கி போவாத நைனா."

"போவாட்டி ஓடிட்டான்னு ஆயிடும்."

"உன்ன எதுனா பண்ணிட்டாங்கன்னா?"

"நாப்பது வருசமா அத நெனச்சிக்கினுதான் கீறேன். நகரு."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே விட்டார். மண்டிக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு உண்டு. லாரிகள் பின்பக்கம் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கும். ஒன்பது வருஷமாகக் கண்ணில் படாததெல்லாம் அன்றைக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. போன் போட்டேன், எடுக்கவில்லை. பதிவை அழித்தேன். அது மேஸ்திரியின் காதுக்குள் போய்விட்டதே, அதை எப்படி அழிப்பது?

நான்கு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து மண்டிக்குப் போனேன். கேட் அருகே அடுக்கியிருந்த மாங்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் கால் நின்றுவிட்டது. உள்ளே ஓலைக் கொட்டகையில் நைனாவும் மேஸ்திரியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிளாஸ்க். மேஸ்திரி தன் கிளாஸில் டீ ஊற்றினார். பிறகு எழுந்து, கூரை ஓலைக்குள் கைவிட்டு ஒரு பழைய கிளாஸை உருவினார். அதில் ஊற்றி நைனாவுக்கு முன்னால் வைத்தார்.

அதைக் குடித்துத் தொலை நைனா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆமாம், அப்படித்தான் கெஞ்சினேன். ஊர் ஊராகப் போய்ப் போராட்டக் கதை சேகரிக்கிற நான்தான்.

நைனா அந்தக் கிளாஸையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி மேஸ்திரியின் கிளாஸை எடுத்துக் குடித்தார். பாதி குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எங்க நாய்னா ஒத்தக் கண்ணோட செத்தாரு" என்றார் மேஸ்திரி.

"தெரியும். கண்ணு போனது என் தப்பு. அதுக்குத்தான் அன்னிக்கி உன் வாசல்ல வந்து நின்னேன். கிளாஸ கேட்டது தப்பில்ல. இன்னிக்கும் தப்பில்ல."

மேஸ்திரி பிளாஸ்கை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இரண்டு கிளாஸும் அங்கேயே இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் நைனா என் பையைக் காட்டி, "மைக்க எடு" என்றார். வேண்டாம் என்றேன், அழுதேன், கத்தவும் செய்தேன். கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிளாஸ், கண், ஸ்டேஷனில் விழுந்த அடி, அன்றைக்குச் சாயங்காலம் குடித்த பாதி டீ வரைக்கும். முடித்ததும் படிவத்தை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். கேட்பதற்கு நாங்கள் இரண்டு பேர்தான். யார் வந்து கேட்டாலும் போட்டுக் காட்டலாம், நகல் கேட்டால் கொடுக்கலாம் என்ற வரி வந்தபோது நிறுத்திவிட்டேன்.

"படி" என்றார்.

படித்தேன். பெருவிரலை மையில் அழுத்தித் தாளின் நடுவில் வைத்தார். சுற்றிலும் வெள்ளையாக இருந்தது.

மறுநாளும் நைனா வேலைக்குப் போனார். மேஸ்திரியும் வந்தார். டீ மட்டும் நின்றுபோனது.

அந்தப் பதிவைக் கேட்க அறக்கட்டளைக்கு முதலில் வந்த ஆள் மேஸ்திரிதான். ஒரு மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஒன்றேகால் மணி நேரம் மேஜையைப் பார்த்தபடியே கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, "இத யாரும் அழிக்க முடியாதில்ல?" என்றார்.

"முடியாது."

"ஒரு காப்பி குடு."

எதற்கு என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் நீட்டிய பென் டிரைவில் நைனாவின் குரலை என் கையாலேயே ஏற்றிக் கொடுத்தேன். வக்கீலுக்கா, அண்ணன் தம்பிகளுக்கா, தானே வைத்துக்கொள்ளவா, இன்றைக்கு வரை தெரியாது.

ஊருக்குப் போய் நைனாவிடம் சொன்னேன்.

"முழுசா கேட்டானா?"

"முழுசா."

"கண்ணு என் தப்புன்னு சொன்னேனே, அதையும்?"

"அதையும்தான் நைனா."

"அப்ப சரி" என்று சைக்கிளை எடுத்தார்.

அவருக்குச் சரி. நான் திருப்பதி அறையைக் காலி செய்துவிட்டு ஊரிலிருந்தே வேலைக்குப் போய் வருகிறேன். தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு டேங்குக்கு அடியில் போய் நிற்கிறேன். சிக்னலுக்கு என்று தெருவில் நினைத்துக்கொள்கிறார்கள். சைக்கிள் கண்ணில் படும் வரைக்கும் நிற்கிறேன்.