இடந்தலையில் லேபிள் பசை

பன்னிரண்டு வயதில் நான் ஒரு மிருதங்க வித்துவான். இதை வேறு யாரும் சொன்னதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்குத் திருத்தங்கலில் அச்சகம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்து, பெட்டியும் ஒட்டிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது. வெயில் தாழ்ந்ததும் மாடி அறையில் பேப்பர் கட்டுகளை ஓரமாகத் தள்ளிப் பாயை விரித்தால் கச்சேரி. கச்சேரி என்பதெல்லாம் பெரிய வார்த்தை. மேடை கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. வந்தவர்கள் பாடுவார்கள், அல்லது வாசிப்பார்கள். ஒன்றும் தெரியாதவர்கள் தாளம் போடுவார்கள். சும்மா உட்கார மட்டும் அனுமதியில்லை.

பெரியப்பா பாடுவார், அதைப் பற்றி இவ்வளவு போதும். கணக்கு வாத்தியார் ஒருவர் வயலின் வாசிப்பார். விருதுநகரிலிருந்து மிளகாய் மண்டி பாய் பைக்கில் வருவார், ஒரு பொட்டலம் காராச்சேவோடும் செங்கல் அளவு செல்போனோடும். அவர் செல்போனை அணைத்துவிட்டுப் பாடத் தொடங்கினால் வாத்தியார் சேவு மெல்லுவதைக்கூட நிறுத்திவிடுவார்.

மிருதங்கம் பெரியப்பாவுடையது, வாசிப்பது நான். பாய் பாடும்போது மட்டும், "நீ தாளம் போடு தம்பி, கை வலிக்கும்ல" என்பார். என் கைமேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கு ஆலங்குளத்திலிருந்து அத்தை மகன் வந்தான். என்னைவிட எட்டு மாதம் சின்னவன். முதல் ஞாயிறு ஒழுங்காகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தவன் பக்கம் பெரியப்பா விளையாட்டாக மிருதங்கத்தைத் தள்ளினார். அவன் வாசித்தான். எனக்குக் காது குளிர்ந்திருக்க வேண்டும், வயிறு எரிந்தது.

பாய் சேவுக்குப் போன கையைப் பாதியில் நிறுத்தினார். "யார்ட்டலே படிச்ச?"

"பக்கத்து வீட்டு அண்ணன் வாசிக்கதப் பாத்தேன். எங்க வீட்ல மிருதங்கம் இல்ல. தொடையிலதான் தட்டுவேன்."

பார்த்தே படித்தானாம்! நான் இரண்டு வருஷம் சைக்கிள் மிதித்து வகுப்புக்குப் போனவன்.

"அண்ணாச்சி, அடுத்த ஞாயித்துக்கெழம நான் பாடயில இவன் வாசிக்கட்டும்" என்றார் பாய். அவன் கை வலிக்குமே என்று அவர் கொஞ்சமும் கவலைப்படவில்லை.

பெரியப்பா எனக்கு வேறு பதவி கொடுத்தார். "நீ ரவையப் பிசைஞ்சு ஒட்டிக் குடுலே." மிருதங்கத்தில் இடது கை தட்டுகிற பக்கம் இடந்தலை, அதன் தோலில் ஈர ரவையை அப்பினால்தான் 'தொம்' என்று ஆழமாகப் பேசும். வாசித்து முடித்ததும் சுரண்டிவிட வேண்டும். வித்துவானாக இருந்தவன் ஒரே நாளில் உப்புமா மாஸ்டர் ஆனேன்.

அந்த வாரம் முழுக்க அவன் சோற்றுத் தட்டிலும் பஸ் கம்பியிலும் வாசித்துக்கொண்டே இருந்தான். தட்டுகூட என் மிருதங்கத்தைவிட நன்றாகப் பேசியது.

ஞாயிற்றுக்கிழமை ரவைக் கிண்ணத்தோடு மாடிப்படி ஏறப்போகும்போது லேபிள் ஒட்டுகிற மைதாப் பசை வாளி கண்ணில் பட்டது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு லேசாக நீலம் பாரித்த பசை. காய்ந்தால் கல். ஒரு கை அள்ளி இடந்தலையில் அப்பினேன். மேலே ரவையைப் பூசி மறைத்தேன். கழுவ நேரமில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, உத்தமன் போலத் தாளம் போட உட்கார்ந்தேன்.

பாய் கண்ணை மூடிப் பாடினார். முதல் சுற்றில் தொம் கேட்டது. இரண்டாவது சுற்றில் அவன் உள்ளங்கை தோலோடு ஒட்டிப் பிசுக்கென்று பிரிந்தது. அடுத்ததில் தொம் என்பது தொப் ஆனது, அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல. அவன் இடந்தலையைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

என் கையில் வேறொரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. தொடையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். பசை காய்ந்து மூன்றும் சேர்ந்தே வந்தன.

"என்னலே, மூணு வெரலும் கூட்டுக் குடும்பமா இருக்கு?" என்று வாத்தியார் வில்லை நிறுத்தாமல் முணுமுணுத்தார்.

அத்தை மகன் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வலது கையால் மட்டும், பாய் மூச்சு விடுகிற இடம் பார்த்து, மெல்லத் தொட்டுத் தொட்டு வாசித்தான். பாட்டு முடிந்தும் பாய் கண்ணைத் திறக்கவில்லை. "எம்புட்டு அடக்கமா வாசிக்கான், பாத்தீகளா அண்ணாச்சி!"

நான் வைத்த வெடி நமுத்துப்போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அது அவனுக்கு வாணவேடிக்கையாகப் போய் மேலே பூத்தது.

ரவையைச் சுரண்டிய பெரியப்பாவின் நகம் நீலமாக வந்தது. "எவம்லே இதுல லேபிள் பசைய அப்புனது? தோலே போச்சு!"

நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று.

"நாந்தான் மாமா. ரவை பத்தல."

பெரியப்பா அவன் காதைத் திருகினார். இனி மிருதங்கத்தின் பக்கமே வரக் கூடாது என்றார்.

படியில் இறங்கும்போது, "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உன்னையச் சொன்னா அப்புறம் உன்னைய உள்ள விடமாட்டாக, மச்சான். நான் எப்படியும் பொதன்கெழம ஊருக்குப் போறவந்தான."

சரியான மண்டு என்று நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை ஆலங்குளம் பஸ் கிளம்பியபோது தேவைக்கு அதிகமாகவே கையசைத்தேன்.

மிருதங்கம் தோல் மாற்றி வந்தது. என் இடமும் திரும்ப வந்தது. பாய் செல்போனை அணைத்ததும் வழக்கம்போல மிருதங்கத்தைத் தள்ளிவைக்கப் போனேன். "இரு தம்பி, வாசி" என்றார். "எடது கைய மட்டும் மடியில வச்சுக்க." கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பிறகு வந்த ஞாயிறுகளிலும் அப்படியேதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவன் வயிறும் கொஞ்சம் எரியட்டுமே என்று ஆலங்குளத்துக்கு ஒரு போஸ்ட் கார்டும் போட்டேன்: பாய் பாடும்போது இப்போதெல்லாம் நான்தான் வாசிக்கிறேன், இடது கையை மடியில் வைத்துக்கொண்டு. அவன் பதிலுக்கு ஒரே வரி எழுதியிருந்தான், ரொம்ப சந்தோஷம் மச்சான் என்று.

பாய் கண்ணை மூடிக்கொண்டு யாருடைய வாசிப்பைக் கேட்கிறார் என்பது கார்டைப் படித்தவனுக்குப் புரிந்திருக்கும். எழுதியவனுக்கு அப்போது புரியவில்லை.