குலதெய்வத்தின் மேல் போட்ட பழி

தங்கை மகளுக்கு நடக்க முடியாமல் போனதற்கு எங்கள் வீட்டில் கண்டுபிடித்த காரணம், மாப்பிள்ளை வீட்டார் குலதெய்வத்தை மறந்ததுதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அவள் பெற்ற பிள்ளைக்கும் புகுந்த வீட்டுச் சாமிதானே பொறுப்பு? அம்மா இதைச் சம்பந்தியம்மாள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். சீர்காழிப் பக்கம் வயலுக்கு நடுவில் இருக்கும் அவர்கள் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய்க் கிடா வெட்டி, ஒன்பது வயதுக் குழந்தைக்கு மொட்டையும் போட்டோம். திரும்பும்போது வேனிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது.

"முழு மனசோட செஞ்சிருக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. நானும் தலையாட்டினேன். படித்தவன் என்று பெயர் வேறு எனக்கு.

தஞ்சாவூரில் பல மாதம் அலைந்த பிறகு, தொடையிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னையும் தங்கையையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துச் சொன்னார். உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதாம். தின்கிற சோற்றைத் தெம்பாக மாற்றுவது அதுதான். அது பழுதானால் தசை, கண், மூளை என்று அதிகம் உழைப்பவை முதலில் படுத்துவிடும். புற்றுநோய் செல்களில்கூட அதன் போக்கு மாறுமாம். ஆனால் இவளுக்கு இது பிறவியிலேயே வந்தது என்றார்.

"யார்கிட்டேருந்து டாக்டர்?"

"இந்த வகை அம்மா வழியாத்தான் வரும். அப்பாவுக்கு இதுல பங்கே இல்லை. உங்க அம்மாவுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா?"

அம்மாவுக்கு நாற்பது வயதிலேயே கண் இமைகள் தொங்கிவிட்டன. நாலு முடி நாற்று நடுவதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். சொகுசுக்காரி என்று அப்பா சாகும்வரை திட்டினார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறோம். தங்கைக்கும் மாடிப்படி ஏறினால் கால் நடுங்கும். எனக்கும் இது இருக்கலாம், ஆனால் என் பிள்ளைகளுக்குப் போகாது என்றார் டாக்டரம்மா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்குச் சந்தோஷம் வந்தது. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

வெளியே வந்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாதண்ணே. தாங்காது."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். பழி அவர் வீட்டின் மேல்தான் கிடந்தது.

"வேணாம் மச்சான்" என்றார். "எங்க மேலயே இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த தை அறுவடைச் சமயத்தில் குழந்தை போய்விட்டாள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். அம்மா எழுந்து சம்பந்தியம்மாள் முன்னால் போய் நின்றாள். "உங்க சாமி என் பேத்தியைக் காவு வாங்கிடுச்சு. நல்லா இருங்க."

அந்த அம்மாள், என்ன குறை வைத்தோம் என்று தன் சாமியிடமே கேட்டு அழுதார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அவர் கேட்காமலேயே எனக்குப் புரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் அம்மாவின் தோளைப் பிடித்து, "விடும்மா, தெரியாம நடந்துபோச்சு, அவங்களை மன்னிச்சிடு" என்றேன்.

தங்கமான பிள்ளை என்று பந்தலில் யாரோ என்னைப் பற்றிச் சொன்னார்கள்.