பிள்ளை இல்லை என்று போட்ட கையெழுத்து

கண்டக்குழி மஸாஹிருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன கதையில்லை இது. அரசாங்கத்துக் கடதாசியே அப்படித்தான் சொல்கிறது, அடியில் அவனுடைய கையெழுத்தோடு. அவன் மகள் இனாஸ் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டு திரிவதெல்லாம் கடதாசிக்குத் தெரியாது.

நாட்டில் சண்டை முடிந்த கையோடு அந்தக் கரைக்கு ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். மஸாஹிரின் ஆட்கள் கரைவலை இழுத்த இடத்தில் வேலி முளைத்தது. அவன் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனான். போன நாளெல்லாம் மீன் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. ஓலைக் கிடுகு வீட்டைக் கல்வீடாக்காமல் விடுவதில்லை என்று அவன் மனைவி உம்மு குல்சூம் ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை செய்தால் போதும், கூரை போட்டுவிடலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் போகக் கூடாது என்று சட்டம் இருந்தது. இனாஸுக்கு அப்போதுதான் இரண்டு முடிந்திருந்தது.

“இதெல்லாம் ஒரு விசயமா, மஸாஹிர் நானா? புள்ள இல்லண்டு எழுதினா முடிஞ்சி. ஆர் வந்து பாக்கப் போறா?” என்றான் குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்.

பார்க்க ஒரு மிஸ் வந்தார். அரசாங்கக் கந்தோரிலிருந்து வீடு பார்க்க ஆள் வரும் என்று முதல்நாளே தெரிந்ததால், பிள்ளையின் ஏணைத் தொட்டிலை அவிழ்த்து, சட்டைகளை மூட்டை கட்டி, குல்சூமின் தங்கை ஸுல்பிகா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளையையும் கொண்டுபோக ஸுல்பிகா பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு. மிஸ்ஸோ ஒன்பதுக்கே வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இனாஸ் உள்ளே, துணித் திரைக்குப் பின்னால், பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தேத்தண்ணி ஊற்றப் போன குல்சூமின் கைதவறி, அலுமினியச் சட்டி சீமெந்துத் தரையில் விழுந்தது. என்ன சத்தம்! மிஸ்ஸே திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தார். மஸாஹிருக்கு உயிர் போய் வந்தது. இப்போது பிள்ளை வீறிட்டு அழப்போகிறாள், எல்லாம் பாழ் என்று கண்ணை மூடிக்கொண்டான். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. மிஸ் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

திரையை விலக்கினால் இனாஸ் வாயைத் திறந்தபடி அப்படியே தூங்குகிறாள். “அல்லாஹ் காப்பாத்திட்டான், என்ட செல்லம்!” என்று குல்சூம் அவளை வாரி எடுத்து முத்தமழை பொழிந்தாள். அடுத்த மாதம் விமானம் ஏறினாள்.

மூன்று வயதாகியும் இனாஸ் வாப்பா என்று சொல்லவில்லை. சில பிள்ளைகள் பிந்தித்தான் பேசும் என்று ஊரே ஆறுதல் சொன்னது. ஆறுதலை நம்பியே ஆறு மாதம் போயிற்று. கடைசியில் கொழும்பு டொக்டர்தான் உள்ளதைச் சொன்னார்: இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் காதுக்குள் கருவி வைக்கிறார்கள், தர்மத்துக்கே செய்து தருவார்கள், ஆனால் நாலு வயது முடியுமுன் வர வேண்டும், தாயோ தகப்பனோ கூட வர வேண்டும் என்றும் சொன்னார். இனாஸுக்கு நாலு முடிய ஆறு மாதம் இருந்தது. குல்சூம் வரத் துடித்தாள். இரண்டு வருஷம் முடியாமல் விடமாட்டேன் என்று வேலைவீட்டு மேடம் அவள் பாஸ்போட்டைப் பூட்டி வைத்துவிட்டாள். ஆகவே மஸாஹிர் பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்க ஓடினான்.

“ஒராள் மட்டும் கூட்டிப் போறெண்டா மத்த ஆள்ட சம்மதக் கடிதம் வேணும். தாய் அங்க நம்மட தூதரகத்துக்குப் போய், முத்திர குத்தி அனுப்பணும்” என்றார்கள். இவ்வளவுதானே என்று நினைத்தான் பாவி.

குல்சூம் ஒரு மாதம் மேடத்தின் காலைப் பிடித்து அரைநாள் லீவு வாங்கினாள். தூதரகத்திலிருந்தே போனில் கோல் எடுத்தாள்.

“இஞ்சேருங்க, எனக்குப் புள்ள இல்லியாம்.”

“என்ன கதைக்கிறாய்?”

“இவங்கட பைல்ல அப்பிடித்தான் இரிக்கி. உங்கட கையெழுத்தும் இரிக்கி. போன்ல அவள்ட படத்த காட்டினன். வயித்துல வெட்டின தழும்ப காட்டவாண்டும் கேட்டுட்டன். அந்த ஐயா தலைய குனிஞ்சிக்கிட்டாரு. ஊர்ல திருத்திக் கடிதம் அனுப்பட்டாம்.”

திருத்துவதென்றால் முன்பு எழுதியது பொய் என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தான். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே மிஸ்.

“நான் வந்த அண்டைக்கு புள்ள எங்க இருந்திச்சி?”

“உள்ளுக்க, திரைக்குப் பின்னால மிஸ்.”

மிஸ்ஸுக்கு முகம் சிவந்தது. “என்னப் பாத்தா பைத்தியமா தெரியுதா? அந்தச் சட்டி விழுந்த சத்தத்துக்கு முழிக்காத புள்ள ஒண்டு இரிக்கா? இது ஆர்ட புள்ள, பிறப்புப் பத்திரமும் இப்பிடித்தான் எழுதினதா? ஆர்ட புள்ளய நீங்க வெளிநாட்டுக்குக் கொண்டு போகப் பாக்கிறீங்க?”

“அவளுக்குக் காது கேக்காது மிஸ்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அன்றைக்கு அந்த வீட்டில் யாராவது ஒருவர், பிள்ளை ஏன் முழிக்கவில்லை என்று யோசித்திருந்தால்! அல்லாஹ் காட்டித் தந்ததை, காப்பாற்றிவிட்டான் என்று சொல்லி மூடி வைத்துவிட்டோமே என்று அவன் அந்தக் கந்தோரில், பத்துப் பேர் பார்க்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். மிஸ் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். அவர் நம்பிவிட்டார். ஆனால் அவர் நம்பி என்ன? மேலே அனுப்ப வேண்டும், ஊர் விதானையின் அறிக்கை வர வேண்டும், மேலேயிருந்து பதில் வர வேண்டும். மஸாஹிர் கடலை விட்டுவிட்டுக் கந்தோர் வாசலே கதியென்று கிடந்தான். வாரம் போய் மாதமானது.

திருத்தக் கடிதம் கைக்கு வந்தபோது இனாஸுக்கு நாலு முடிந்து பத்தொன்பது நாள். சென்னைக்குக் கோல் எடுத்தான். அங்கே பேசிய பெண் மிகவும் தன்மையாகத்தான் பேசினாள். இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது, வயது கடந்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். குல்சூமிடம் சொன்னான். அவள் அழவில்லை, ஏசவுமில்லை. “வீட்டுக்குக் கூரை போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அதற்குப் பதில் அவள் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான்.

பின்னேரம் இனாஸ் வந்து அவன் மடியில் ஏறிக்கொண்டாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“நீ இல்லண்டு நான்தான் எழுதிக் குடுத்தன் மகள். வேற ஆருமில்ல, வாப்பாதான்.”

அவள் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானும் வாயைத் திறந்து, சத்தமில்லாமல், அவனைப் போலவே அசைத்துக் காட்டினாள். சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.