படகுக்கு ஊற்றியதைக் காருக்கும் ஊற்றியவன்

இன்று என் பழைய பெட்ரோல் காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் காசிம், நாற்பது வருட நண்பன்.

கருவியைச் சைலன்சரில் செருகியவன் முகம் சுளித்தான்.

"இன்னா நைனா, பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலக்குறியா? சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்."

எண்பதுகளில், பழவேற்காட்டில் எங்கள் படகு இன்ஜினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய கையோடு, "படகே ஓடுது, காரு ஓடாதா?" என்று இதே காருக்கும் ஊற்றிப் பழக்கிவிட்டவனே அவன்தான்! அந்தப் பழக்கத்தை நான் இன்றுவரை விடவில்லை.



"இனிமே ரோட்ல ஓட்ட முடியாதுல்ல? கார்புரேட்டர கய்ட்டிக் குடு, என் காருக்கு ஆவும்" என்றான்.

அவனுடையதும் இதே மாடல். குடிப்பதும் இதே மண்ணெண்ணெய்தான்.

அந்த வண்டிக்கு எந்த மகராசன் சர்டிபிகேட் கொடுத்தான்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.