உப்புக்காரர் மகள் ஏன் திரும்பி வந்தாள்

என் அப்பாவுக்கு நாவல் என்றாலே ஆகாது. திண்டிவனம் கிளை நூலகத்திலிருந்து அவர் எடுத்து வருவதெல்லாம் சரித்திரப் புத்தகங்கள்தான். பேருந்துப் பணிமனையில் நாள் முழுக்க கிரீஸில் கை வைத்துவிட்டு வருகிறவர், சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் அந்தப் புத்தகங்களைத் தொடுவார். கதைப் புத்தகம் என்றால் அந்த மரியாதை கிடையாது. இல்லாத ஒருத்தியை நினைத்து இருக்கிறவர்கள் ஏன் கண்ணைக் கசக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அம்மா ஐந்தாவதோடு நின்றவள். அவளுக்குக் கட்சியும் இல்லை, படிக்க நேரமும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு கோடைவிடுமுறை முழுக்க ஒரு நாவல் ஓடியது என்றால், அதற்குக் காரணம் என் அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அப்பாவே அலைந்து திரிந்து மாப்பிள்ளை பார்த்து வளவனூரில் கட்டிக்கொடுத்திருந்தார். மாமா அங்கே உரக்கடை வைத்திருந்தார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவற மாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் இரண்டு கைகளிலும் மிட்டாயைத் திணிப்பார். எனக்குப் பதினோரு வயதான அந்த வருஷம், ஈஸ்டர் முடிந்த கையோடு, அத்தை ஒரு துணிப்பையுடன் தனியாக வந்து வாசலில் நின்றாள்.

ஏன் வந்தாய் என்று அம்மா கேட்டதற்கு, "சும்மாதான் அண்ணி" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பாவுக்கு இது தன் தேர்வின் மீதே வைத்த குறையாகப் பட்டிருக்க வேண்டும். "குடிக்கிறானா? இல்ல. அடிக்கிறானா? அதுவும் இல்ல. அப்புறம் என்னாதான் வேணும்?" என்று அம்மாவிடம் கேட்டார். அத்தை காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே கேட்டார். எனக்கு அத்தை என்றால் உயிர். அவள் திரும்பிப் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. காரணமெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

அம்மாதான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடும் ஒரு டீச்சர், வாரப் பத்திரிகையில் தொடராக வந்த சரித்திர நாவலை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தக் காலத்தில் படிக்கிற வீடுகளில் இப்படி இரண்டு மூன்று பைண்டாவது இருக்கும். ஒவ்வொரு அத்தியாயம் முடியும் பக்கத்துக்குப் பின்னால் பாதிச் சமையல் குறிப்போ, தலையில்லாத நகைச்சுவைத் துணுக்கோ ஒட்டிக்கொண்டு வரும். அத்தை அதைக் கையில் வாங்கவே இல்லை. "கண்ணு வலிக்குது அண்ணி" என்று திரும்பிக்கொண்டாள். அதனால் மாலை ஜெபமாலை முடிந்ததும் நான் உரக்கப் படிக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அந்த மே மாதம் போல வேகமாக நான் ஜெபமாலை சொன்னதே இல்லை.

வீட்டில் இருந்தது ஒரே ட்யூப் லைட். அதனால் அப்பாவுக்கும் வேறு போக்கிடம் இல்லை. அறையின் ஒரு மூலையில் நாங்கள், எதிர் மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு அவரும் அவருடைய ராஜாக்களும். அம்மா முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்பாள்.

கதையில் ஒரு தளபதி வருவான். துறைமுகப் பட்டினத்து உப்பு வணிகர் ஒருவரின் மகளைப் பார்த்து, மணந்து, மலைமேல் உள்ள தன் கோட்டைக்குக் கூட்டிப் போவான். அவளுக்கு நீளமான அழகான பேர் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அது யார் வாயிலும் நுழையாததால் உப்புக்காரர் மகள் என்றே ஆகிவிட்டது. முதல் அத்தியாயங்களில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். தளபதியைத்தான் பிடித்தது. குதிரையில் வந்தான், வாளைச் சுழற்றினான், ஏழைகளுக்கு இரங்கினான். "நல்ல புள்ள" என்று அம்மாவும் சான்றிதழ் கொடுத்தாள். அத்தை மட்டும் ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே, "அவன் சிரிச்சான் சிரிச்சான்னு எழுதிக்கினே இருக்காரு. அவ சிரிச்சான்னு ஒரு எடத்துல கூட வரல பாரு" என்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அம்மாவின் கை முறத்தில் ஒரு கணம் நின்றது. நான் பின்பக்கம் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான், எங்கேயும் அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குத் தளபதி மேல் இருந்த மயக்கம் தெளியத் தொடங்கியது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாதியில் பத்திரிகைக்காரர்கள் ஓவியரை மாற்றிவிட்டார்கள். பழைய படங்களில் மெல்லிய மீசையும் கனவு காணும் கண்ணுமாக இருந்தவன், புதிய படங்களில் தாடை தடித்து, எங்கள் தெரு ரேஷன் கடைக்காரர் மாதிரி ஆகிவிட்டான். மனசு ஒருவன் பக்கம் சாய்வதற்கும் விலகுவதற்கும் இவ்வளவு அற்பமான காரணம் போதும் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. அதே வேகத்தில் உப்புக்காரர் மகள் எனக்கு நெருங்கி வந்தாள். பெருமூச்சு விட்டால் விடட்டுமே, அவளுக்குக் கடல் எட்டாத தூரத்தில் அல்லவா இருந்தது.

அப்புறம் ஒருநாள் பக்கம் திருப்பினால் கதை தாவியது. முந்தின அத்தியாயம் முடியும்போது அவள் கோட்டையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அடுத்ததில் விடிகாலை ஆற்றுப் படகில் தன்னந்தனியாகத் தகப்பன் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். "நடந்ததை நினைக்க அவள் விரும்பவில்லை" என்று மட்டும் இருந்தது. நடுவில் ஒரு வாரத்துப் பக்கங்களே இல்லை. அம்மா மறுநாளே டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அந்த வாரம் அவங்க ஊர்ல இல்லியாம். கடையிலயும் தீந்துபோச்சாம். அப்டியே பைண்டு பண்ணிட்டாங்களாம்" என்றாள்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அம்மா முதல்நாள், "பெரிய எடத்துப் பொண்ணு, பொறுமை இல்ல. புருஷன் ஒரு வார்த்த சொல்லியிருப்பான், கெளம்பிட்டா" என்றாள். இரண்டு நாள் கழித்துத் தானாகவே, "இல்ல, மாமியாக்காரி ஏதாச்சும் பண்ணியிருப்பா" என்றாள். அதற்கும் இரண்டு நாள் கழித்து, அடுப்படியில் என்னை நிறுத்தி, "ஏண்டி, ராத்திரியில ஒரு பொண்ணு தனியா படகுல ஏறுறான்னா, தண்ணிய விட அந்தக் கோட்டைக்குத்தான பயந்திருக்கணும்?" என்று கேட்டாள். ஐந்தாவதோடு நின்றவள் ஒரே வாரத்தில் இரண்டு முறை கட்சி மாறினாள். நான் ஒரு பூதம் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் ஏற்கவில்லை. அத்தை எதுவும் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்த்துப் படுப்பதை விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கியிருந்தாள்.

அப்பா எங்கள் சண்டையை மதித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சரித்திரத்துல இந்தப் பேஜாரு இல்ல. கல்வெட்டுல இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல" என்பார். அவர் கையில் இருந்ததும் ஒரு தடித்த புத்தகம். ஆரம்பத்தில் அதில் வரும் ராஜாவைப் பற்றி ஓயாமல் புகழ்வார். ஏரி வெட்டியது, கோயில் கட்டியது, எதிரிகளை ஓட்டியது எல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். நான் ஒருமுறை அந்தப் புத்தகத்தைப் பிரித்து, வம்சாவளிப் படத்தைப் பார்த்தேன். ஆண்களுக்கெல்லாம் பேர் இருந்தது. ஒரு கோட்டின் முனையில் மட்டும் 'மகள்' என்று போட்டு நிறுத்தியிருந்தார்கள். சரித்திரம் சுவையில்லாத விஷயம் என்று அன்றே முடிவு கட்டினேன்.

ஒரு சாயங்காலம் நான் போர்க்கள அத்தியாயம் ஒன்றைத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுபட்ட வாரத்துக்குப் பிறகு நாவலாசிரியர் படகை நடுவழியில் விட்டுவிட்டுப் போருக்குப் போயிருந்தார். நான் வேண்டுமென்றே மெதுவாகப் படித்தேன். "கத முடியறமட்டும் இருக்கட்டுங்க, அப்புறம் அனுப்பலாம்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அப்போது எதிர் மூலையில் அப்பா தன் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டுவது கேட்டது. கடைசியில் உள்ள பெயர் அட்டவணையில் விரல் வைத்துத் தேடினார். பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

"சண்டை ஓயணும்னு ராஜா தன் தங்கச்சிய எதிரி வீட்டுக்குக் கட்டிக்குடுத்தாருன்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்னா ஆச்சின்னே போடல."

"அதுலயும் ஒரு வாரம் வுட்டுப்போச்சா?" என்றாள் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. மறுபடி அட்டவணைக்குப் போனார். அந்த ராஜாவைப் பற்றிய புகழ்ச்சி அன்றோடு நின்றது. மறுநாள் புத்தகத்தை முடிக்காமலே நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அவர் முடிக்காமல் திருப்பிய புத்தகம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமா வந்தார். கூடவே அவருடைய அம்மாவும், வளவனூரிலிருந்து கோயில் உபதேசியாரும் வந்தார்கள். அத்தையை அழைத்துப் போவதற்கு என்றே வந்திருந்தார்கள், பையைக் கட்டி வைக்கும்படி அப்பாவும் முந்தின நாளே சொல்லியிருந்தார். மாமா என் கைகளில் மிட்டாயைத் திணித்தார். உபதேசியார் புருஷன் பெண்சாதிக்குள் ஆயிரம் இருக்கும் என்று தொடங்கி, திருக்குடும்பத்தைப் பற்றி நிறையப் பேசினார். எல்லாரும் அப்பாவின் வாயைப் பார்த்தார்கள். நான் அடுப்படி நிலைவாசலில் நின்றிருந்தேன்.

அப்பா மெதுவாகத்தான் பேசினார். "நீங்க சொல்றது சரிங்க. ஆனா நடுவுல ஒரு பகுதி எங்ககிட்ட இல்ல. அது இல்லாமயே இவரு நல்லவரு, அவளுக்குத்தான் பொறுமை இல்லன்னு நான் பேசிக்கினு இருந்துட்டேன். தெரிஞ்சவ ஒருத்திதான் இருக்கா. அவள ஒருத்தரும் கேக்கல." பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. அண்ணன் கேக்கறேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வந்தவர்களுக்கு முன்னால், நாவலே ஆகாத மனிதர், உப்புக்காரர் மகள் கதையை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறாரே என்று நினைத்தேன். அத்தைக்கு மட்டும் எப்படித் தெரியும், அவளும்தான் அந்த வாரத்தைப் படிக்கவில்லையே. அதற்குள் அம்மா என் கையில் பாட்டில்களைக் கொடுத்து, ஜல்தியாகச் சோடா வாங்கிவா என்று துரத்திவிட்டாள். நான் திரும்பி வந்தபோது வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். காபி ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. அத்தை அவர்களோடு போகவில்லை. கட்டி வைத்த பையை அப்பாவே அவிழ்த்து, உள்ளே இருந்த புடவைகளைக் கொடியில் போட்டார்.

அன்று அவள் என்ன சொன்னாள் என்பதை அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. மாமா கடைக்குப் போகும்போதெல்லாம் வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவாராம். கல்யாணமான மறுவாரத்திலிருந்தே. ஜன்னல் கதவுகளுக்கும் ஆணி அடித்திருந்தாராம். குடிக்காத, அடிக்காத, பூசை தவறாத மாமா. மனிதர்களைப் பற்றி நான் அவசரப்பட்டுச் சான்றிதழ் கொடுக்காமல் இருப்பது அன்றிலிருந்துதான்.

அத்தை எங்களோடு இருந்தாள். கன்னியர் மடத்து உதவியில் நர்ஸ் படிப்பு முடித்தாள். பின்னாளில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. நாவல் மட்டும் பாவம், பாதியிலேயே டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. அதன் பிறகு அதைப் படி என்று என்னை யாரும் கேட்கவில்லை.

நான் வேலைக்குப் போய், கல்யாணமாகி, விழுப்புரத்தில் குடியேறிய பிறகு ஒரு புத்தகக் கண்காட்சியில் அந்த நாவலை முழுப் புத்தகமாகப் பார்த்தேன். அங்கேயே நின்றபடி அந்த அத்தியாயத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். தளபதி தோட்டத்தில் வேறொரு பெண்ணோடு பேசுவதை உப்புக்காரர் மகள் தூணுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறாள். அந்த இன்னொருத்தி அரசாங்க ஒற்றர். தப்பாக நினைத்துக்கொண்டு இவள் படகேறிவிடுகிறாள். கடைசியில் மன்னிப்புக் கேட்டுக் கோட்டைக்கே திரும்புகிறாள். அவ்வளவுதான் கதை. எனக்கு முதலில் சப்பென்றாகிவிட்டது, பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் மட்டும் எங்கள் கையில் இருந்திருந்தால், பெண்கள் இப்படித்தான் என்று அப்பா ஒரு சிரிப்பில் முடித்திருப்பார். பத்திரிகை தீர்ந்துபோன அந்தக் கடைக்கும், ஊரில் இல்லாத அந்த டீச்சருக்கும் அங்கே நின்றபடியே மனசுக்குள் நன்றி சொன்னேன்.

அன்றைக்கே அத்தையிடம் போய்ச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"தெரியுமே பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி அத நான் வாராவாரம் படிச்சவதான. அந்தத் தளபதின்னா அப்ப எனக்கு உசுரு."

"அந்த வாரமும் படிச்சியா? அப்ப ஏன் அத்த எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இவ்ளோதானான்னு உங்கம்மா முறத்த எடுத்து வெச்சிருப்பாங்க. என்னத்தான் யாரும் கேக்கல. அவளுக்கு என்னா ஆச்சின்னாச்சும் கேட்டுக்கினு இருந்தீங்களே. கேட்டுக் கேட்டு எங்கிட்ட வந்துடுவீங்கன்னு இருந்தேன்."

விடுபட்ட வாரத்துக்குப் பிறகு நான் படித்த மாலைகளில் எல்லாம், அத்தை புத்தகத்தைப் பார்க்காமல் எதிர் மூலையில் இருந்த அப்பாவின் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பாள். நம் பக்கம் வெளிச்சம் போதவில்லை, அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் தேவலை என்று நினைக்கிறாள் போல என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.